ஐரோப்பியப் பணத்தில் ஐரோப்பாவைத் திட்டுவது ஒரு தொழிலா?

கேள்வி
3 பிப்ரவரி 2025

ஆப்பிரிக்கக் குடிபெயர்வு பற்றிய அறிக்கைகளை வேலை நிமித்தமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. எழுதுபவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், புதிதாக முனைவர் பட்டம் வாங்கியவர்கள். பணம் கொடுப்பது ஐரோப்பா, திட்டு வாங்குவதும் ஐரோப்பா. ஊரே படகேறிக்கொண்டிருக்கும்போது இவர்கள் ஓட்டலில் கருத்தரங்கு நடத்துகிறார்கள். நைஜீரியாவின் அகாதெஸ் நகரம் பற்றி நேற்று ஓர் அறிக்கை வந்தது. பக்கம் பக்கமாகப் புலம்பிவிட்டுக் கடைசியில் 'மேலும் ஆய்வு தேவை' என்று முடித்திருக்கிறார்கள். இது ஒரு பிழைப்பு என்பது என் முடிவு. இவர்களில் யாரையாவது நேரில் அறிந்தவர் இங்கே இருந்தால் மறுக்கலாம்.

4 பிப்ரவரி, காலை

ஒருவரை அறிவேன். அதற்கு முன் ஒன்று: அகாதெஸ் இருப்பது நைஜரில், நைஜீரியாவில் அல்ல. இதைச் சொல்லிச் சொல்லியே பாதி ஆயுள் போய்விட்டது. என் அம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மகன் நைஜீரியாவில் இருக்கிறான் என்றே தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கம்பு விதை ஆராய்ச்சி வேலையாக நைஜரின் தலைநகர் நியாமேயில் சில ஆண்டுகள் இருந்தேன். அங்கே கம்பு என்பது உடம்புக்கு நல்லது என்று வாரம் ஒருமுறை சாப்பிடும் சிறுதானியம் அல்ல. அதுதான் சாப்பாடு. சோதனை வயல்களின் புள்ளிவிவரங்களைப் பார்ப்பது என் பொறுப்பு. பக்கத்து வீட்டில் ஸிந்தேர் ஊரைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர். அவருடைய மகள்தான் நான் சொல்லும் ஆய்வாளர். கிராமக் கணக்கெடுப்புக்கு எத்தனை வீடுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்க முதலில் வந்தார். என்னை 'தோந்தோன்' என்று கூப்பிடுவார். அப்பா வயதுள்ள ஆண்கள் எல்லோரும் அவர்களுக்குத் தோந்தோன்தான். பன்னாட்டு உறவுகளில் முதுகலை, பிறகு குடிபெயர்வுக் கொள்கையில் முனைவர் பட்டம். முப்பதைத் தாண்டிவிட்டார். நிரந்தர வேலை கிடையாது. ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று ஒப்பந்தங்கள். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாட்டில் ராணுவ ஆட்சி நடக்கிறது, அதனால் நானும் வற்புறுத்தவில்லை.

'ஊரே படகேறுகிறது' என்பதற்கு வருகிறேன். 2020ஆம் ஆண்டு ஐ.நா. கணக்கின்படி வேறோர் ஆப்பிரிக்க நாட்டில் வாழ்ந்த ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ 2.1 கோடி. கண்டத்துக்கு வெளியே வாழ்ந்தவர்கள், ஐரோப்பா, வளைகுடா, அமெரிக்கா எல்லாம் சேர்த்து, சுமார் 1.95 கோடி. நைஜர்க்காரர்களை எடுத்துக்கொண்டால் ஐரோப்பா கணக்கிலேயே வராது என்று சொல்லிவிடலாம். அவர்கள் போவது நைஜீரியா, லிபியா, அல்ஜீரியா, ஐவரி கோஸ்ட், கானா. செப்டம்பர், அக்டோபரில் கம்பு அறுவடை முடியும். அடுத்த மழை ஜூனில். நடுவில் வயலில் வேலையில்லை, கிளம்பிவிடுவார்கள், விதைப்புக்குத் திரும்புவார்கள். ஜனவரியில் கிராமத்துக்குப் போய் ஆண்களைப் பேட்டி எடுக்கலாம் என்று நினைப்பவர் அந்த ஊருக்குப் புதியவர்.

4 பிப்ரவரி, இரவு

பணம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்துதான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. 2015 நவம்பரில் மால்டாவின் வலெட்டா நகரில் ஐரோப்பிய, ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடினார்கள். ஆப்பிரிக்காவுக்கான அவசர நிதியம் ஒன்று அங்கே அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் 180 கோடி யூரோ, பின்னர் 500 கோடி அளவுக்கு வளர்ந்தது. முறையற்ற குடிபெயர்வின் மூலகாரணங்களைக் களைவது என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. ஏழ்மை குறைந்தால் ஆள் கிளம்பமாட்டான் என்ற கணக்கு. ஆனால் பரம ஏழை நாட்டில் வருமானம் ஏறும்போது முதலில் வெளியேறுவோர் கூடவே செய்கிறார்கள் என்று மைக்கேல் கிளெமன்ஸ், ஹைன் டி ஹாஸ் போன்ற குடிபெயர்வு ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். பயணத்துக்கும் காசு வேண்டுமல்லவா?

இந்த நிதியத்துக்குக் குறிக்கோளில் கூர்மை இல்லை என்று 2018இல் எழுதியது ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்தத் தணிக்கையாளர் மன்றம். திட்டுவது ஆப்பிரிக்க இளைஞர்களின் ஏகபோகம் அல்ல.

6 பிப்ரவரி

'அவர் எதை ஆராய்கிறார், அதைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறீர்கள்' என்று ஒரு நண்பர் கடிந்துகொண்டார். நியாயம்தான்.

ஸிந்தேர் பகுதியில், நைஜீரிய எல்லைக்குப் பக்கத்தில், கான்ச்சே என்று ஒரு வட்டாரம். மக்கள்நெருக்கம் அதிகம், நிலம் துண்டு துண்டாகப் பிரிந்துபோய்விட்டது. அங்கிருந்து பெண்களும் குழந்தைகளும் அல்ஜீரியாவுக்குப் போவார்கள். அந்நாட்டின் தெற்கே தமன்ராசெட் நகரம் முதல் வடக்கே பெரிய நகரங்கள்வரை. பலர் பிச்சை எடுப்பார்கள், சிலர் வீட்டுவேலை செய்வார்கள், கொஞ்ச காலத்தில் திரும்புவார்கள். ஐரோப்பா அவர்கள் பேச்சிலேயே கிடையாது.

2013 செப்டம்பர் கடைசியில் அப்படிப் போன இரண்டு லாரிகள் ஆர்லிட் நகருக்கு வடக்கே சகாராவில் பழுதாகி நின்றன. அக்டோபரில் 92 உடல்களைக் கண்டெடுத்தார்கள். 52 குழந்தைகள், 33 பெண்கள், 7 ஆண்கள். தாகத்தால் செத்தவர்கள். அல்ஜீரிய எல்லை அருகில்தான் இருந்தது. நாடு மூன்று நாள் துக்கம் அனுசரித்தது.

நம் ஆய்வாளருக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. இறந்தவர்களில் அவருடைய அத்தை வழியில் தெரிந்த ஒரு குடும்பம் இருந்தது. அதனால்தான் இந்தத் துறைக்கு வந்தாரா என்று ஒருமுறை கேட்டேன். 'எல்லா வெள்ளைக்காரர்களும் இதையேதான் கேட்கிறார்கள், நீங்களுமா' என்றார். வேலைவாய்ப்பு இருந்த துறை அது ஒன்றுதான், அதனால் வந்தாராம்.

இனிமேல்தான் விஷயம். 2015 மே மாதம் நைஜர் நாடாளுமன்றம் 2015-36 என்ற சட்டத்தை நிறைவேற்றியது. ஆட்களைக் கள்ளத்தனமாக எல்லை கடத்துவோருக்கு நீண்ட சிறை, வண்டிகள் பறிமுதல். கான்ச்சே சாவுகளும் அந்தச் சட்டத்துக்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டன. 2016 நடுவில் கைதுகள் தொடங்கின. எங்கே? லிபியா போகும் வழியில், அகாதெஸில். அந்த ஒரே ஆண்டில் 3.3 லட்சம் பேர் நைஜர் வழியாக வடக்கே போனதாகப் பன்னாட்டுக் குடிபெயர்வு அமைப்பு கணக்கிட்டிருந்தது; ஐரோப்பா அந்த எண்ணைப் பார்த்துத்தான் பதறியது. செத்தது அல்ஜீரியா போன பெண்களும் குழந்தைகளும். ஆனால் முதலில் அடைக்கப்பட்டது லிபியா வழி. கான்ச்சே பெண்கள் ஏன் போகிறார்கள் என்று ஆராய யாரும் பணம் ஒதுக்கவில்லை. அகாதெஸ் பற்றி ஆராய வரிசையில் நின்று கொடுத்தார்கள். அவர் பத்து விண்ணப்பம் போட்டால் ஒன்பதில் அகாதெஸ் என்று எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் கையில் இருக்கும் அறிக்கையும் அகாதெஸ்தானே?

7 பிப்ரவரி

'ஆட்கடத்தல்காரனைப் பிடித்து உள்ளே போடுவதில் என்ன தவறு' என்ற கேள்விக்கு.

பிடித்துப் போடலாம். ஆனால் 2016க்கு முன் அகாதெஸில் இது ஒளிவுமறைவான தொழிலே அல்ல. நைஜர் இருந்த மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரச் சமூகத்தில் 1979 முதல் விசா இல்லாமல் 90 நாள் போய்வரும் உரிமை உண்டு. செனகல்காரரோ காம்பியாக்காரரோ அகாதெஸ்வரை சட்டப்படி பஸ்ஸில் வந்து இறங்குவார். திங்கட்கிழமைகளில் ராணுவப் பாதுகாப்போடு டொயோட்டா வண்டிகள் வரிசையாக வடகிழக்கே திர்க்கு என்ற ஊரை நோக்கிப் புறப்படும். ஓட்டியவர்களில் பலர் ஒரு காலத்தில் சுற்றுலா வழிகாட்டிகள், துவாரெக் என்ற பாலைவன இனத்தின் பழைய கிளர்ச்சியாளர்கள். கலகங்களுக்குப் பிறகு சுற்றுலாப் பயணிகள் வருவது நின்றுவிட்டது; அதே பாலைவனத்தில் அதே வண்டியில் வேறு பயணிகளை ஏற்றினார்கள். தண்ணீர்க் கேன் விற்றவன், முகமூடித் துணி விற்றவன், தங்க இடம் கொடுத்தவன் என்று ஒரு நகரமே இதில் சாப்பிட்டது.

சட்டம் வந்ததும் மாற்றுத் தொழிலுக்கு உதவுவதாகச் சொல்லி 6,500க்கும் மேற்பட்டவர்களின் பெயரைப் பதிந்தார்கள். உதவி போய்ச் சேர்ந்தது சில நூறு பேருக்கு. வண்டிகள் முழுக்க நிற்கவும் இல்லை. கிணறுகள் உள்ள பாதையை விட்டுவிட்டு, ராணுவம் வராத பாதையில் இரவில் போக ஆரம்பித்தார்கள். வழியில் ரோந்து வண்டி கண்ணில் பட்டால் பயணிகளை இறக்கிவிட்டு ஓடிய ஓட்டுநர்கள் உண்டு. இறக்கிவிடப்பட்ட இடத்தில் கிணறு இருக்காது.

அதற்காக ஓட்டுநர்களை நல்லவர்கள் ஆக்கவேண்டாம் என்று நம் ஆய்வாளரே சொல்வார். அவர் பேட்டி எடுத்த ஒருவர், பயணிகள் எத்தனை பேர் என்று கேட்டதற்கு எடையைச் சொன்னாராம்.

9 பிப்ரவரி

பணத்தைப் பற்றி 4ஆம் தேதி நான் எழுதியது பாதிதான் என்று இப்போது தோன்றுகிறது. 'நிதி கொடுப்பவன் சொல்வதை எழுதுகிறார்கள்' என்பது உங்கள் சந்தேகம். நான் அருகிலிருந்து பார்த்தவரை யாரும் முடிவை மாற்றி எழுதச் சொன்னதில்லை. திட்டினாலும் அச்சில் போடுகிறார்கள், சில சமயம் அழகான அட்டையோடு. பிரச்சினை அதற்கு மிகவும் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு ஆலோசனை நிறுவனத்துக்காக அவர் வினாத்தாள் ஒன்றைக் கிராமங்களுக்கு எடுத்துப்போனார். கைக்கணினியில் ஏற்றிய வினாத்தாள். முதல் பக்கத்திலேயே, ஐந்து ஆண்டுகளுக்குள் ஐரோப்பா செல்லும் எண்ணம் உண்டா என்று ஒரு கேள்வி. 'உண்டு' என்றால் பாதை, செலவு, தரகர், ஆபத்து என்று நீளமாகப் போகும். 'இல்லை' என்று அழுத்தினால் கருவி தானாகவே கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடும்: வயது, மணமானவரா, நன்றி. கான்ச்சே பெண்கள் எல்லோரும் 'இல்லை' என்றார்கள். அல்ஜீரியாவுக்கு நான்கு முறை போய்வந்த பெண், வழியில் குழந்தை பெற்ற பெண், எல்லோருமே அந்தத் தரவில் எங்கும் போகாதவர்கள். அவர் அதைக் கடிதமாக எழுதி அனுப்பினார். வினாத்தாள் ஏற்கெனவே ஐந்து நாடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒப்பிடும் வசதிக்காக மாற்ற இயலாது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

புள்ளிவிவரக்காரன் என்ற முறையில் அந்தப் பதிலில் நியாயம் இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நடுவில் கேள்வியை மாற்றினால் ஒப்பீடு கெட்டுத்தான் போகும். அதைச் சொன்னபோது அவர் என்னிடம் கொஞ்ச காலம் பேசவில்லை.

கடைசிப் பக்கம் முடிந்து கைக்கணினியை உறையில் போட்டபிறகுதான் பெண்கள் பேசத் தொடங்குவார்களாம். கம்பு மாவு உருண்டையைப் பாலில் கரைத்து ஃபுரா கொடுப்பார்கள், பேச்சு மாலைவரை போகும். அதையெல்லாம் அவர் தனி நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். எந்த அறிக்கையிலும் அது இல்லை. மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் சேர்க்கப் போனவள், கணவன் இரண்டாம் மனைவி கட்டியதால் கோபித்துக்கொண்டு போனவள், பக்கத்து வீட்டுக்காரி தகரக் கூரை போட்டதைப் பார்த்துப் போனவள். பசியும் உண்டு. பசி மட்டும் அல்ல.

9 பிப்ரவரி, சற்றுப் பிறகு

பெனின் நாட்டு மெய்யியலாளர் போலின் ஹூன்தோன்ஜி இதையெல்லாம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். காலனி காலத்தில் கச்சாப்பொருள் கப்பலேறிப் போய்ச் சரக்காகத் திரும்பிவந்தது போல, தரவு இங்கே திரட்டப்படுகிறது, கோட்பாடு அங்கே உருவாகிறது என்பது அவர் வாதம். கேள்வியே வெளியூர்க்காரனுக்காகக் கேட்கப்படுகிறது என்பதுதான் அதன் கசப்பான பகுதி. 2024 பிப்ரவரியில் காலமானார். நம் பத்திரிகைகளில் ஒரு வரி வந்ததாக நினைவில்லை.

எதிர்த்திசையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். செனகலின் டக்காரில் 1973 முதல் இயங்கும் சமூக அறிவியல் ஆய்வு மன்றமான கொதெஸ்ரியா, நியாமேயில் 2001இல் தொடங்கிய ஆய்வு நிலையமான லாஸ்டெல். லாஸ்டெலின் வழி நீண்ட களப்பணி. ஊர்ப் பேச்சுமொழியில் உட்கார்ந்து பேசி, சுகாதார நிலையம், ஊராட்சி, உதவிப் பணம் போகும் பாதை என்று ஆராய்வார்கள். அந்த மாதிரி வேலைக்கு ஒன்பது மாத ஒப்பந்தம் காணாது. என் கருத்தில் ஐரோப்பியப் பணம் என்பதைவிட இந்த ஒன்பது மாதம் என்பதுதான் பெரிய கேடு. உள்ளூர்ப் பணமாக இருந்து ஒன்பது மாதம் கொடுத்தாலும் இதே கதிதான்.

12 பிப்ரவரி

விசா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சிரிப்பதற்கு ஒன்று சொல்கிறேன்.

ஐரோப்பியத் தலைநகர் ஒன்றில், குடிபெயர்வு விவாதத்தில் ஆப்பிரிக்கக் குரல்களுக்கு இடம் வேண்டும் என்ற தலைப்பில் ஒரு மாநாடு. அவரை அழைத்தார்கள். அழைப்பிதழ், வங்கிக் கணக்கு, தந்தையின் ஓய்வூதியச் சான்று எல்லாம் இணைத்தார். விசா மறுக்கப்பட்டது: திரும்பிச் செல்வார் என்று நம்பப் போதிய ஆதாரம் இல்லையாம். கட்டணம் திரும்பாது. அந்தக் கட்டணம் 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 ஆகியது வேறு கதை. பேச்சைப் பதிவுசெய்து அனுப்பினார், ஒலி சரியில்லை. கடைசியில் நெறியாளர் ஒருவர் அவருடைய பக்கங்களை வாசித்தாராம். ஆப்பிரிக்கக் குரல் அப்படி ஒலித்தது.

இது அவருடைய தனிப்பட்ட துரதிருஷ்டம் அல்ல. 2019 ஏப்ரலில் லண்டனில் நடந்த ஆப்பிரிக்கா பற்றிய பல்கலைக்கழக மாநாட்டின் ஒரு பட்டறைக்கு வரவேண்டிய 25 ஆய்வாளர்களில் 24 பேர் வர முடியவில்லை. அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழு ஒன்று, ஆப்பிரிக்காவிலிருந்து விண்ணப்பிப்போருக்கு விசா மறுக்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் அதிகம் என்று அறிக்கை கொடுத்தது. 2022இல் மான்ட்ரியால் எய்ட்ஸ் மாநாட்டிலும் இதே கூத்து.

இந்தியக் கடவுச்சீட்டோடு அந்த வரிசைகளில் நானும் நின்றிருக்கிறேன். ஆனால் என் பின்னால் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கடிதம் இருந்தது. அவர் பின்னால் அப்பாவின் ஓய்வூதியம். ஒரே வரிசை என்று சொல்லமாட்டேன்.

15 பிப்ரவரி

தூத்துக்குடி நண்பர் கேட்கிறார்: 'ஆப்பிரிக்க அரசுகள் மட்டும் யோக்கியமா?'

இல்லை. இதில் நம் ஆய்வாளர் உங்களைவிடக் கடுமையாகப் பேசுவார். கானாவில் 1969 நவம்பரில் பிரதமர் புசியாவின் அரசு அயலார் ஆணை பிறப்பித்து நைஜீரியர்களை விரட்டியது. 1983 ஜனவரியில் நைஜீரியா திருப்பிக் கொடுத்தது: சுமார் 20 லட்சம் பேரை வெளியேறச் சொன்னது, அதில் ஏறக்குறைய பாதி கானாக்காரர்கள். அவர்கள் சாமான் அடைத்துக்கொண்டு போன கட்டம்போட்ட நெகிழிப் பைக்கு இன்றும் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் 'கானா மஸ்ட் கோ' என்றுதான் பெயர். நியாமேயில் நானே ஒன்று வாங்கினேன், உறுதியான பை. அதில்தான் என் புத்தகங்கள் ஊருக்கு வந்தன.

2014 டிசம்பர் முதல் அல்ஜீரியா நைஜர்க்காரர்களைத் திருப்பி அனுப்பிவருகிறது. இரு அரசுகளுக்கிடையே ஏதோ ஏற்பாடு என்று சொல்லப்படுகிறது, ஒப்பந்தக் காகிதத்தை யாரும் பார்த்ததில்லை. முதலில் அனுப்பப்பட்டவர்கள் யார்? கான்ச்சே பெண்களும் குழந்தைகளும்தான். பிறகு மற்ற நாட்டவர்களையும் பிடித்தார்கள். அவர்களை எல்லையில் 'புள்ளி பூஜ்யம்' எனப்படும் இடத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து அசமாக்கா என்ற ஊர்வரை 15 கிலோமீட்டர் பாலைவனத்தில் நடக்க வேண்டும். 2024இல் மட்டும் 31,000க்கும் மேற்பட்டவர்கள் இப்படி நைஜருக்குள் தள்ளப்பட்டதாக அங்கே வேலைசெய்யும் தொண்டு அமைப்பு பதிவுசெய்திருக்கிறது. துனிசியாவில் 2023 பிப்ரவரியில் அதிபர் சையத் ஆப்பிரிக்கக் குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சுக்குப் பிறகு கறுப்பின மக்கள் தெருவில் தாக்கப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் குடிபெயர்வு பற்றி அவரோடு ஒப்பந்தம் போட்டது.

ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தடையற்ற பயண நெறிமுறை 2018 ஜனவரியில் ஏற்கப்பட்டது. நடைமுறைக்கு வர 15 நாடுகளின் ஒப்புதல் தேவை. ஆறு ஆண்டுகள் கழித்தும் ஒப்புதல் அளித்தவை நான்கு: ருவாண்டா, நைஜர், மாலி, சாவோ தோமே. 2018 மார்ச்சில் வந்த கண்டத் தடையற்ற வணிக ஒப்பந்தமோ அடுத்த ஆண்டே அமலுக்கு வந்துவிட்டது. சரக்கு தாராளமாகப் போகலாம், ஆள் போகக்கூடாது. தலைவர்கள் மேடையில் பேசுவதற்கும் உள்துறை அமைச்சகங்கள் செய்வதற்கும் உள்ள தூரத்தை அளப்பதுதான் தன் வேலை என்று அவர் சொல்வார். ஐரோப்பாவைத் திட்டிக் கட்டுரை போடுவது எளிது, உள்துறை அதிகாரியிடம் போய் உட்கார்ந்து கோப்பைக் கேட்டுவாங்குவதுதான் கஷ்டம் என்பார்.

18 பிப்ரவரி

ராணுவப் புரட்சி பற்றிச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது.

2023 ஜூலை 26 அன்று நைஜர் அதிபர் பாசூமை ஆட்சியிலிருந்து தூக்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் உதவியை நிறுத்தியது. மேற்கு ஆப்பிரிக்கச் சமூகம் எல்லையை மூடிப் பணப் பரிமாற்றத்தை முடக்கியது. நைஜீரியா மின்சாரத்தை வெட்டியது. அவர் வேலை பார்த்த திட்டம் ஒரே மின்னஞ்சலில் முடிந்தது. சம்பள பாக்கி வங்கியில் சிக்கிக்கொண்டது.

நவம்பரில் ராணுவ அரசு 2015-36 சட்டத்தை ரத்துசெய்தது. அந்தச் சட்டம் தவறு என்று அவர் ஆண்டுக்கணக்கில் எழுதியிருந்தார், பேசியிருந்தார், நெறியாளர் வாயால்கூடப் பேசியிருந்தார். அகாதெஸில் கொண்டாடினார்கள். 'இப்போது மகிழ்ச்சிதானே' என்று செய்தி அனுப்பினேன். அவர் அனுப்பிய குரல்பதிவு நீளமானது. சாரம் இதுதான்: ஆய்வைப் படித்து யாரும் ரத்துசெய்யவில்லை. ஐரோப்பாவுக்கு வலிக்கட்டும் என்று செய்தார்கள். நாளை ஐரோப்பா சமாதானமானால் ஒரே இரவில் திரும்பவும் கொண்டுவருவார்கள், அப்போதும் யாரும் படிக்கமாட்டார்கள்.

அதைக் கேட்டபின் உங்கள் மூலக் கேள்வியின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தேன் என்பதை மறைக்கவில்லை. எழுதி என்ன பயன்? ஆனால் 2015 சட்டத்தால் சாலை மாறியது, அதனால் ஆள் செத்தான் என்பதை நாள், இடத்தோடு யாராவது எழுதிவைத்திருப்பதால்தான் நான் 7ஆம் தேதி குறிப்பை எழுத முடிந்தது. இல்லாவிட்டால் அமைச்சர் சொன்ன கதைதான் இருந்திருக்கும்.

19 பிப்ரவரி

ஒருவர்: 'பொருளாதாரச் சமூகத்தை விட்டு நைஜர் போன மாதம் வெளியேறிவிட்டதே, அவர் இனி கானா போக விசா எடுக்க வேண்டுமா?'

ஜனவரி 29 அன்று நைஜர், மாலி, புர்கினா ஃபாசோ மூன்றும் அதிகாரபூர்வமாக வெளியேறின. மறு அறிவிப்பு வரும்வரை அவர்களின் பழைய கடவுச்சீட்டை மதிக்கும்படி சமூகம் தன் உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மூன்று நாடுகளும் புதிய கடவுச்சீட்டு அறிவித்திருக்கின்றன. அவர் பழையதையே பத்திரமாக வைத்திருக்கிறார். புதியதற்கு விண்ணப்பித்தால் பழையதை வாங்கிக்கொள்வார்களோ என்று பயம்.

20 பிப்ரவரி

ஐரோப்பாவையே சுற்றுகிறோம், அமெரிக்காவை விட்டுவிட்டோம். ஜனவரி 20 அன்று வெளிநாட்டு உதவிக்கு 90 நாள் நிறுத்தம் என்று வாஷிங்டனில் ஆணை போட்டார்கள். நியாமேயில் அவருடைய வகுப்புத் தோழர்கள் சிலருக்கு வேலை போய்விட்டது. அதில் ஒருவர் இப்போது அலைபேசிக் கடை வைத்திருக்கிறார். ஆய்வாளராக இருந்ததைவிட நல்ல வருமானமாம்.

26 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். 'உங்கள் ஆள் விதிவிலக்கு, மற்றவர்கள் எப்படி' என்கிறார். எனக்குத் தெரிந்தது ஒருவரைத்தான், அவரை வைத்துக் கண்டத்துக்கே சான்றிதழ் கொடுக்க என்னால் ஆகாது. ஓட்டல் கருத்தரங்குகள் உண்மை. தினப்படி வாங்கிக்கொண்டு பின்வரிசையில் தூங்குபவர்களை நானும் பார்த்திருக்கிறேன், கம்பு கருத்தரங்குகளில் இன்னும் அதிகம். 'மேலும் ஆய்வு தேவை' என்ற வரியை அவரும் எழுதுகிறார். ஏன் என்று கேட்டேன். அடுத்த ஒப்பந்தத்துக்கு அதுதான் விண்ணப்பம் என்றார்.

இப்போது கிடைத்திருக்கும் வேலை அசமாக்காவில். அல்ஜீரியாவிலிருந்து தள்ளப்படுபவர்களைப் பதியும் முறை பற்றியது. வினாத்தாளின் முதல் வரைவில் இவர்கள் ஐரோப்பா போக முயன்றவர்களா என்ற கேள்வி வழக்கம்போல முதல் பக்கத்தில் இருந்ததாம். அதைக் கடைசிக்குக் கொண்டுபோகவும், எந்த வட்டாரத்திலிருந்து எத்தனையாவது முறையாகப் போனார்கள் என்று முதலில் கேட்கவும் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறார். ஒரே நாட்டில் நடக்கும் கணக்கெடுப்பு என்பதால் இந்த முறை ஒப்பீட்டுச் சாக்கு எழவில்லை. எத்தனை வீடு, எத்தனை நாள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார். நாளை உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

2 மார்ச்

முதுகலை படிக்கும் மாணவிக்கு: இந்தத் துறைக்கு வரலாமா என்று என்னைக் கேட்பது, மழை வருமா என்று கிளி ஜோசியரிடம் கேட்பது போல. தெரிந்ததைச் சொல்கிறேன். ஆங்கிலம் மட்டும் போதுமென்றால் அக்ராவில் கானா பல்கலைக்கழகத்தின் குடிபெயர்வு ஆய்வு மையம், ஜோகன்னஸ்பர்கில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் மையம், இரண்டும் பட்ட வகுப்புகள் நடத்துகின்றன. நைஜர் போன்ற, சகாராவின் தெற்கு விளிம்பிலுள்ள சாஹெல் பகுதிதான் வேண்டுமென்றால் பிரெஞ்சு இல்லாமல் ஒன்றும் நடக்காது, உள்ளூர் மொழியான ஹவுசா தெரிந்தால் கதவு திறக்கும். புள்ளிவிவரம் கற்றுக்கொள்ளுங்கள், அதை வெறுப்பவர்கள்தான் அங்கே அதிகம். உதவித்தொகைக் கடிதத்தில் எத்தனை மாதம் என்பதை முதலில் பாருங்கள், தொகையைப் பிறகு பார்க்கலாம்.